‘சாதாரணம்’ என்று வந்த அறிக்கையை மறுபடி யார் பார்க்கிறார்கள்?

2024 மே 7, வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி

அம்மாவுக்கு 2019 இல், அவருடைய 45 ஆவது வயதில், எங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை (கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களைத் தேடும் சோதனை) செய்தார்கள். ‘சாதாரணம்’ என்று அறிக்கை வந்தது. இந்தச் சித்திரையில் தனியார் இடமொன்றில் மறுபடி செய்தபோது உயர்தர மாற்றம், அதாவது புற்றுநோயாக மாறும் ஆபத்து கூடிய கல மாற்றம், இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அரச ஆய்வுகூடங்களில் குவியலாக வருவதை அவசரத்தில் பார்த்துத் தள்ளிவிடுகிறார்கள், காசு கொடுத்தால்தான் ஒழுங்காகப் பார்ப்பார்கள் என்று மாமி சொல்கிறார். உண்மையா? ஓர் ஆய்வுகூடம் நல்லதா, கெட்டதா என்பதை எங்களைப் போன்றவர்கள் எப்படி அறிவது?

2024 மே 7, இரவு

பழைய அறிக்கை யாருடைய பிழை என்ற விசாரணை ஒரு மாதம் காத்திருக்கலாம். கொல்போஸ்கொப்பி காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே அம்மாவைப் பெண்நோயியல் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிப் பார்த்து, சந்தேகமான இடத்திலிருந்து சிறு இழையத் துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். பாப் அறிக்கை வெறும் தட்டல். கதவைத் திறந்து பார்ப்பது அந்தச் சோதனைதான்.

இனி மாமியின் கூற்று. நான் கொழும்பில் அரச வைத்தியசாலையொன்றின் ஆய்வுகூடத்தில் 1997 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருந்தவள். ஆய்வுகூடத்தில் எங்களை ‘ஸ்கிரீனர்’ என்பார்கள். 2022 ஆம் ஆண்டின் கடைசி நாளில், அறுபது வயதைத் தாண்டிய அரச ஊழியர்கள் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, நானும் அந்தக் கூட்டத்தில் போனேன். ஆகவே எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு என்று வைத்துக்கொண்டே வாசியுங்கள். எனக்குத் தெரிந்த மட்டில், மாலையில் தனியார் இடங்களில் பார்த்த கண்களிற் பல, காலையில் அரச ஆய்வுகூடத்தில் பார்த்த அதே கண்கள்தாம். மாலையில் அவை கொஞ்சம் களைத்திருக்கும், வேறுபாடு அவ்வளவே.

ஐந்து ஆண்டுகளில் புதிதாக ஒரு மாற்றம் தோன்ற முடியாதா என்றால், முடியும். ஆனால் எச்பிவி வைரசு தொற்றியதிலிருந்து புற்றுநோய் வரை பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும் என்பதால், 2019 இலேயே ஏதோ இருந்திருக்கலாம் என்ற உங்கள் ஐயம் நியாயமானது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் ஒரு கணக்கு வெளியானது: சிகிச்சை தேவைப்படும் அளவு மாற்றமுள்ள பெண்களில், ஒரு தடவை செய்த பாப் பரிசோதனை 53 வீதத்தினரையே கண்டுபிடித்தது, எச்பிவி பரிசோதனை 96 வீதத்தினரைக் கண்டுபிடித்தது. ஒழுங்கான நாடுகளின் ஒழுங்கான ஆய்வுகளிலேயே பாதிக்குச் சற்று மேல் என்றால், ‘சாதாரணம்’ என்ற சொல்லில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

2024 மே 8

‘பார்ப்பது’ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மாதிரியைப் பூசிய கண்ணாடித் தகட்டுக்குப் பாடப்புத்தகத்தில் பெயர் வழுக்கி. ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் ஸ்லைட். சாயமிட்ட ஸ்லைட்டை 10 மடங்கு வில்லையின் கீழ் வைத்து, மேலிருந்து கீழாக, பின்பு கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பார்வைப்புலமும் முந்தியதன்மேல் சற்றுப் படியும்படி, வயலில் ஏர் ஓட்டுவதுபோல் ஓட்ட வேண்டும். சந்தேகம் வந்தால் 40 மடங்கு வில்லைக்கு மாறி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சாயத்தில் கலத்தின் கரு நீலமாக இருக்கும். மேற்பரப்புக் கலங்களின் குழியவுரு இளஞ்சிவப்பாகவும் இடைநிலைக் கலங்களுடையது பச்சை கலந்த நீலமாகவும் இருக்கும். பாப் பரிசோதனைக்குத் தம் பெயரைத் தந்த பப்பனிக்கொலாவு வகுத்த சாயம் அது. அவர் தம்முடைய மனைவியிடமிருந்தே ஆண்டுக்கணக்கில் மாதிரி எடுத்துப் பழகினார் என்பதை எங்கள் பயிற்சியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மையாருக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்க வேண்டும் என்று எங்கள் மேசையில் எல்லாரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

கொய்லோசைட் என்று ஒரு கலம் உண்டு. வைரசு புகுந்த கலத்தில் கருவைச் சுற்றிக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாற்போல் ஒரு வெள்ளை வளையம் தெரியும். அதை ஒரு கிழமையில் பழகிவிடலாம். ஆளைக் கொல்வது வேறு: முப்பதாயிரம் கலங்களுக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு சிறிய கலங்கள், சாயம் வெளிறி, கரு மட்டும் குழியவுருவை விடப் பெரிதாக, ஒரு மூலையில் தனித்தனியே கிடக்கும். அழற்சிக் கலங்கள் என்று எண்ணிக் கண் தாண்டிப் போய்விடும்.

எனக்குப் பயிற்சியளித்தவர் முதல் ஆறு கிழமைகள் நோயுள்ள ஒரு ஸ்லைட்டைக்கூடக் காட்டவில்லை. சாதாரணம், சாதாரணம், மாதவிடாய் நின்றவரின் சாதாரணம், கருவுற்றவரின் சாதாரணம். எரிச்சலாக இருந்தது. ஏழாவது கிழமையில், ஒன்றும் சொல்லாமல், வழக்கமான தட்டில் ஒரே ஒரு நோய் ஸ்லைட்டைச் செருகி வைத்தார். எனக்கு அதன் பெயர் தெரியவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த கை தானாக நின்றுவிட்டது. பயிற்சி என்பது அந்தக் கை நிற்பதுதான். பெயரைப் பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அறிக்கைக்குரிய சொற்களைப் பெதெஸ்டா முறை என்ற தொகுப்பிலிருந்து எடுக்கிறோம். 1988 இல் வகுத்து, 1991, 2001, 2014 ஆம் ஆண்டுகளில் திருத்தினார்கள். அதில் உயர்தர மாற்றத்தின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ‘எச்சில்’ என்று ஒலிக்கும். எங்கள் பயிற்சி வகுப்பில் நாங்கள் தமிழர் இருவர். “இன்று எனக்கு இரண்டு எச்சில் கிடைத்தது” என்று சிங்களத் தோழி மகிழ்ச்சியோடு அறிவித்தபோது நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினோம். ஆசிரியை விளக்கம் கேட்டார். கேட்ட பின் அவரும் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

2024 மே 11

மேலே எழுதியதை மறுபடி வாசித்தேன். எல்லாப் பிழையும் பார்ப்பவருடைய கண்ணில் இருப்பதாக ஒரு எண்ணம் வருகிறது. தவறு. ஸ்லைட்டில் வந்து சேராத கலத்தை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. மாதிரி எடுக்கும் மேசையில்தான் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

கருப்பைக் கழுத்தில் இரண்டு வகை மேற்றோல்கள் சந்திக்கும் ஒரு வளையம் உண்டு. நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஸ்பாச்சுலாவை அந்த வளையத்தில் வைத்து முழுச் சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கண்ணாடியில் பூசிய அந்தக் கணமே 95 வீத மதுசாரத்தில் இட வேண்டும். “அந்தக் கணமே” என்பது அலங்காரச் சொல் அல்ல. பூசிய கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றி, அட்டையில் எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டு வந்து இட்டால் மாதிரி காய்ந்துவிடும். காய்ந்த கலத்தின் கரு வீங்கும், விளிம்பு கலையும், சாயம் பிழைக்கும். நோயுள்ளது இல்லாததுபோலத் தெரியும். இல்லாதது இருப்பதுபோலவும் தெரியும். கொழும்பின் பங்குனி வெயிலில், மேசைக்கு நேர்மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் ஒரு கிளினிக்கிலிருந்து மாதந்தோறும் காய்ந்த ஸ்லைட்டுகள் வந்தன. நாங்களோ அந்தத் தாதியின் கைப்பழக்கத்தைக் குறைகூறிக்கொண்டிருந்தோம். ஒருநாள் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் விசிறி தெரிந்தது. மேசையை நான்கு அடி நகர்த்தியதோடு பிரச்சினை தீர்ந்தது. அந்தத் தாதியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இன்னொன்று பென்சில். கண்ணாடியின் சொரசொரப்பான முனையில் பெயரையும் எண்ணையும் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும். ஒருமுறை ஒரு முழுப் பெட்டி, பெயரில்லாத பதினொரு கண்ணாடிகளாக எங்கள் மேசைக்கு வந்தது. மதுசாரம் மட்டும் இளநீலமாக இருந்தது. பதினொரு பெண்களையும் மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிச் சொல்லியும் எல்லாரும் வரவில்லை. முதல் தடவை வருவதற்கே மாமியாரிடமும் கணவரிடமும் அனுமதி வாங்கியவர்களிடம், எங்களுடைய மை கரைந்துவிட்டது, இன்னொரு தடவை வாருங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும்?

ஆகவே வாசகிக்கு: ஆய்வுகூடம் நல்லதா என்று கேட்பவர், அந்த ஆய்வுகூடம் தனக்கு மாதிரி அனுப்பும் கிளினிக்குகளுக்கு ‘உங்கள் மாதிரிகளில் இத்தனை போதாதவை’ என்று கணக்குத் திருப்பி அனுப்புகிறதா என்றும் கேட்க வேண்டும்.

2024 மே 12

“மரபுமுறை ஸ்லைட்டில் குறைந்தது 8,000 கலங்கள் தெரிய வேண்டும் என்கிறார்களே, யார் எண்ணுவது?” என்கிறார் ஒரு தம்பி. ஒருவரும் எண்ணுவதில்லை. எத்தனை கலங்கள் இருந்தால் ஒரு பார்வைப்புலம் எப்படித் தோன்றும் என்பதற்கு ஒப்பீட்டுப் படங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்வதுதான். புறக்கோட்டையில் ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்தே நிறை சொல்லும் வியாபாரிகளை நீங்கள் கண்டதில்லையா?

இரத்தமோ அழற்சிக் கலங்களோ நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் மறைத்திருந்தால் ‘போதாத மாதிரி’ என்று எழுத வேண்டும் என்ற விதியும் உண்டு. எழுதக் கை வராது. எழுதினால் அந்தப் பெண் மறுபடி வர வேண்டும், கிளினிக் கோபிக்கும், மாதாந்த எண்ணிக்கை குறையும். இதற்குத் திரும்பி வருவேன்.

2024 மே 15

எண்ணிக்கை பற்றி. ஒருவர் ஒரு நாளில் எத்தனை ஸ்லைட் பார்க்கலாம்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா விடை எழுதியது வெட்கப்பட்ட பிறகுதான். 1987 இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னலில் வோல்ட் பொக்டானிச் எழுதிய கட்டுரைகள், அங்குள்ள சில ஆய்வுகூடங்கள் ஸ்லைட்டுக்கு இவ்வளவு என்று துண்டுக்கூலி கொடுத்து அளவுக்கு மீறிப் பார்க்கச் செய்ததை வெளிக்கொண்டுவந்தன. சட்டை தைப்பதற்குத் துண்டுக்கூலி கொடுத்தால் கோணல் தையல் கண்ணுக்குத் தெரியும். இங்கே கோணல் பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் உடம்பில்தான் தெரியும். அந்தக் கட்டுரைகளுக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது; அதே 1988 இல் சட்டமும் வந்தது. ஒருவர் 24 மணித்தியாலங்களில் 100 ஸ்லைட்டுக்கு மேல் பார்க்கக் கூடாது, அதையும் 8 மணித்தியாலத்துக்குக் குறைந்த நேரத்தில் முடிக்கக் கூடாது. கணக்குப் போட்டால் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அது உச்ச வரம்பு, இலக்கு அல்ல. ஆனால் எங்கே ஓர் உச்ச வரம்பை எழுதி ஒட்டினாலும் நிர்வாகம் அதை இலக்காகவே வாசிக்கும்.

‘சாதாரணம்’ என்று தள்ளியவற்றில் குறைந்தது 10 வீதத்தை மேற்பார்வையாளர் மறுபடி பார்க்க வேண்டும் என்பதும், ஆண்டுதோறும் தேர்வு எழுத வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளவை. 1988 முதல் அங்குள்ள ஸ்கிரீனர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் தேர்வு எழுதுகிறார்கள்.

இங்கிலாந்தில் கன்ரபரி வைத்தியசாலையில் 90,000 க்கும் அதிகமான பழைய ஸ்லைட்டுகளை மறுபடி பார்க்க நேர்ந்தது; அதன் விசாரணை அறிக்கை 1997 இல் வந்தது. நியூசிலாந்தின் கிஸ்போர்னில் ஒரு நோயியல் நிபுணர் துணைக்கு எவரும் இல்லாமல், மறுபார்வையும் இல்லாமல், தனியாகவே ஸ்லைட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசாரணை அறிக்கை 2001 இல். இரண்டு ஊர்களிலும் பிழை விட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குப் பின்னால் மறுபடி பார்க்க ஆள் இல்லை, அல்லது இருந்தும் பார்க்கவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் அந்த 10 வீத மறுபார்வையை ஒரு மாதம்கூடத் தவறவிடாமல் செய்தோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

2024 மே 16

இரவு தூக்கம் வராததற்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம்.

பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் ஸ்லைட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அவற்றில் இருபதில் நோய் உண்டு. ஸ்கிரீனர் பதினாறைப் பிடித்து நான்கைத் தவறவிடுகிறார். ‘சாதாரணம்’ என்று தள்ளியவை 984. அவற்றுள் அந்த நான்கும் கிடக்கின்றன. கண்மூடி 10 வீதம் எடுத்தால் 98 ஸ்லைட்டுகள். அவற்றில் அந்த நான்கில் ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு பாதியும் இல்லை. ஆகப் பெரும்பாலான தடவைகளில் மேற்பார்வையாளர் 98 ஐயும் பார்த்துவிட்டு, பதிவேட்டில் ‘தவறு: 0’ என்று எழுதுவார். நாங்கள் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் எழுதினோம். அந்தப் பூச்சியங்களைக் கண்டுதான் பெருமைப்பட்டேன். பூச்சியம் எங்கள் திறமையைக் காட்டவில்லை. எங்கள் வலையின் ஓட்டையைக் காட்டியது.

பிரித்தானியாவில் வேறு வழி எடுத்தார்கள்: ‘சாதாரணம்’ என்றும் ‘போதாதது’ என்றும் தள்ளியவற்றில் ஒன்றுகூட விடாமல், இன்னொருவர் ஒன்றோ இரண்டோ நிமிடத்துக்குள் விரைந்து ஓட்டிப் பார்ப்பது. ஒரு நிமிடத்தில் என்ன தெரியும் என்று நானும் ஏளனம் செய்தவள்தான். ஆனால் பத்தில் ஒன்றை நிதானமாகப் பார்ப்பதைவிட, பத்தையும் விரைவாகப் பார்ப்பது அதிகம் பிடிக்கிறது. மேலே உள்ள கணக்கே அதற்குச் சான்று. எங்களிடம் ஆள் இல்லை என்பது உண்மைதான். அந்த 98 க்குச் செலவிட்ட நேரத்தில் 984 இல் பாதியையாவது விரைந்து பார்த்திருக்கலாம் என்பதும் உண்மைதான்.

2024 மே 17

திருத்தம். தேர்வு பற்றி நேற்று முன்தினம் எழுதியது பிழை. சட்டம் 1988 இல் வந்தாலும் நாடு முழுவதற்குமான தேர்வு 2005 இல்தான் தொடங்கியது. பத்து ஸ்லைட்டுகள், இரண்டு மணித்தியாலங்கள், 90 புள்ளிகள் எடுத்தால் தேர்ச்சி. ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்! எங்களுக்கு அப்படி ஒரு நாள் கிடைத்திருந்தால் நாங்கள் அதைத் தேர்வு என்று சொல்லியிருக்க மாட்டோம், விடுமுறை என்றுதான் சொல்லியிருப்போம்.

பதினேழு ஆண்டுத் தாமதத்தைத் தட்டச்சில் ஒரே வரியில் மறைத்ததற்கு வருந்துகிறேன். ‘விதி உண்டு’ என்பதையும் ‘நடந்தது’ என்பதையும் ஒன்றாக எழுதிவிடுவது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

2024 மே 25

வெசாக்குக்குத் தெரு முழுவதும் கூடுகள். பிள்ளைகள் வெளிச்சம் பார்க்கப் போய்விட்டார்கள். எழுதவா வேண்டாமா என்று இரண்டு கிழமையாகத் தள்ளிவைத்திருந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

2009 இல் எங்கள் நோயியல் நிபுணர் என்னை அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு பழைய ஸ்லைட். “பாருங்கள்” என்றார். பார்த்தேன். மேல் வலது மூலையில் பதினான்கு சிறிய கலங்கள். வெளிறியவை, தனித்தனியே கிடந்தன. பதிவேட்டைத் திருப்பினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘சாதாரணம்’ என்று எழுதி, கீழே நான் கையொப்பம் இட்டிருந்தேன். அந்தப் பெண் அப்போது மஹரகமவில் கதிர்ச் சிகிச்சையில் இருந்தார்.

நிபுணர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். எங்கேயும் எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. 2018 இல் அயர்லாந்தில் இதே விடயம் வெடித்தது. புற்றுநோய் வந்த பெண்களின் பழைய ஸ்லைட்டுகளை மறுபடி பார்த்திருந்தார்கள், வேறுபாடு கண்டிருந்தார்கள், பெரும்பாலானோருக்குச் சொல்லவில்லை. விக்கி ஃபெலன் என்ற பெண் நீதிமன்றம் சென்று, வாயை மூடிக்கொள்ளும் உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்ததால்தான் அது ஊருக்குத் தெரிந்தது. அந்தச் செய்தியை நான் நூற்று முப்பத்தெட்டாம் இலக்கப் பேருந்தில் கைத்தொலைபேசியில் வாசித்தேன். இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எனக்காக வாதாடும் ஒரு குரலும் உள்ளே உண்டு: நோய் வந்தது தெரிந்த பிறகு பார்த்தால் யாருக்கும் தெரியும். அது உண்மையே. அதனால்தான் ஒழுங்கான மறுஆய்வில், சந்தேக ஸ்லைட்டை வேறு பல சாதாரண ஸ்லைட்டுகளோடு கலந்து, எது எதுவென்று சொல்லாமல் இரண்டு மூன்று பேரிடம் கொடுப்பார்கள். பின்னர் அப்படியே செய்தோம். பெயரை அழித்துப் பயிற்சிப் பெட்டியில் வைத்தோம். அதன்பின் வந்த பயிலுநர்களில் பாதிப்பேர் அதைத் தாண்டிப் போனார்கள். அது எனக்கு ஆறுதல் தந்தது என்று எழுதினால் பாதி உண்மை. தாண்டிப் போகாத மற்றப் பாதிப்பேரை நான் மறக்கவில்லை.

2024 மே 26

அந்தச் சம்பவத்துக்குப் பின் நான் என்ன ஆனேன் என்பதையும் சொன்னால்தான் கணக்கு நேராகும். ஓராண்டு முழுவதும் கண்டதற்கெல்லாம் ‘அஸ்கஸ்’ என்று எழுதினேன். ‘ஏதோ ஒன்று, ஆனால் இன்னதென்று சொல்ல முடியாது’ என்பதற்கான பெட்டி அது, பயந்தவர்களின் பதுங்குகுழி. என் ஒரு வரியால் எத்தனையோ பெண்கள் காரணமில்லாமல் நடுங்கி, வேலைக்கு லீவு போட்டு, கொல்போஸ்கொப்பி வரிசையில் நின்றிருப்பார்கள். அந்த வரிசையில் உண்மையாகவே நிற்க வேண்டியவர் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பார். நிபுணர் என் ஆண்டுக் கணக்கைக் காட்டினார்: உறுதியான மாற்றம் ஒன்றுக்கு ஐயமானது மூன்றுக்கு மேல் போகக் கூடாது என்பது பெதெஸ்டா முறையின் வழக்கம், எனக்கு அதைத் தாண்டிப் போயிருந்தது. தவறவிடுபவரை மட்டுமல்ல, தவறவிடப் பயப்படுபவரையும் கணக்கு காட்டிக்கொடுக்கும். ஆள் ஆளாக அந்தக் கணக்கை வைத்திருக்கும் ஆய்வுகூடம் நல்ல ஆய்வுகூடம். வாசகி கேட்ட கேள்விக்கு நான் இதுவரை சொன்னவற்றில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

2024 ஜூன் 2

இளம் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் எழுதுகிறார்: “அன்ரி, எச்பிவி பரிசோதனை வந்துவிட்டது. இயந்திரம் உண்டு, இல்லை என்று சொல்லிவிடும். இனி எதற்கு ஆறு கிழமை ‘சாதாரணம்’ பார்க்க வேண்டும்?”

தம்பி சொல்வதில் முக்கால் பங்கு சரி. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அதைத்தான் முதல் பரிசோதனையாகப் பரிந்துரைத்தது. நானும் என் மகளுக்கு அதையே சொல்வேன். ஆனால் இயந்திரத்துக்கும் ‘போதாத மாதிரி’ உண்டு. குழாயில் மனிதக் கலம் இருந்ததா என்று சரிபார்க்கும் உட்கட்டுப்பாடு எல்லாக் கருவிகளிலும் இல்லை. அது இல்லாத கருவியில் வெறும் திரவத்தை ஊற்றினாலும் ‘வைரசு இல்லை’ என்றே வரும். விசிறிக்குக் கீழே மேசை வைத்த அதே தவறு, வேறு அறையில்.

அடுத்தது, வைரசு உண்டு என்று வந்தவர்களில் யாரை உடனே அனுப்புவது என்று தெரிய, பல நாடுகளில் மறுபடி கலங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆகப் பார்க்கும் ஸ்லைட் குறையும். குறைந்தவற்றைப் பார்க்கும் கண் கூர்மையாக இருக்க வேண்டும். கண்ணோ பழக்கத்தால்தான் கூராகும். இங்கிலாந்தில் இதற்காகவே ஆய்வுகூடங்களை எட்டாகச் சுருக்கினார்கள். இங்கே 2017 முதல் ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். முதல் தொகுதிப் பிள்ளைகள் 35 வயதில் பரிசோதனைக்கு வரும்போது ஏறக்குறைய 2041 ஆகியிருக்கும். நோய் மிக அரிதாகிவிடும், நல்லதுதான். ஆனால் அரிதானதைத் தேடும் கண் சீக்கிரம் தூங்கிவிடும். அப்போது பயிற்சிப் பெட்டியில் உள்ள பழைய ஸ்லைட்டுகள்தாம் நோயை நேரில் காட்டும் ஒரே இடமாக இருக்கலாம். வெறுமனே வைத்தால் சாயம் மங்கும். இருட்டில், ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். கொழும்பில் ஈரமில்லாத இடம் எங்கே என்று கேட்காதீர்கள்.

2024 ஜூன் 9

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் எழுதிய அனுபவம் என்னை யோசிக்க வைத்தது. அறிக்கை ஆங்கிலத்தில் ‘நெகட்டிவ்’ என்று வந்ததும், கெட்ட செய்தி என்று நினைத்து அவருடைய தாயார் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மாதிரி எடுப்பதிலும் சாயமிடுவதிலும் அவ்வளவு தரம் பேசிவிட்டு, கடைசி மூன்று அங்குலத்தில் அதைக் கீழே போட்டுவிடுகிறோம்.

‘சாதாரணம்’ என்ற தமிழ்ச் சொல்லும் நல்லதல்ல என்று இப்போது நினைக்கிறேன். அது பெண்ணைப் பற்றிய தீர்ப்புப்போல ஒலிக்கிறது. ‘இந்த மாதிரியில் மாற்றம் எதுவும் காணப்படவில்லை, அடுத்த பரிசோதனை இந்த ஆண்டில்’ என்று எழுதினால் அது நாங்கள் உண்மையாகச் செய்ததைச் சொல்லும். வரி நீளம் என்பார்கள். ஒரு முத்திரை செய்துவிட்டால் நீளம் என்ன, குறுக்கம் என்ன?

2024 ஜூன் 23

வெள்ளவத்தை வாசகியிடமிருந்து செய்தி. இழையச் சோதனையில் மூன்றாம் தர மாற்றம். மேற்றோலைத் தாண்டி உள்ளே பரவவில்லை. மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். விளிம்புகளில் நோய் இல்லை. அம்மா மறுநாளே சமைத்தாராம். கனமாக ஒன்றும் தூக்கக் கூடாது என்று அவரிடம் மறுபடி சொல்லுங்கள்.

2019 ஆம் ஆண்டு ஸ்லைட்டையும் தேடி எடுத்திருக்கிறார்கள். எழுத்தில் கேட்டதும் ஆய்வுகூடம் மறுக்காமல் எடுத்துக்கொடுத்தது. மாமிக்கு இதைச் சொல்லுங்கள். வேறு ஸ்லைட்டுகளோடு கலந்து மூவர் பார்த்ததில், நோய்க் கலம் என்று ஒருவரும் புள்ளி வைக்கவில்லை. இருவர் ‘போதாத மாதிரி’ என்று எழுதினார்கள்: பெரும்பகுதி காய்ந்திருக்கிறது, வளையப் பகுதிக் கலம் இல்லை. நான் முதல் நாளிலிருந்தே மூலையில் கிடக்கும் பதினான்கு கலங்களைத்தான் மனத்தில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அது என் கதை, அவருடைய அம்மாவின் கதை அல்ல. அங்கே தவறவிட ஒன்றும் இருக்கவில்லை. பார்க்க முடியாத ஒரு ஸ்லைட்டைப் பார்த்ததாக யாரோ எழுதியிருக்கிறார். ‘எழுதக் கை வராது’ என்று மே 12 இல் நான் எழுதியது இதைத்தான்.

அந்தக் கண்ணாடியைப் பயிற்சிப் பெட்டிக்குக் கேட்டிருக்கிறேன். நோய் ஸ்லைட்டுகள் பெட்டியில் நிறைய உண்டு. ‘போதாதது’ என்று எழுதத் துணிவு வேண்டிய ஸ்லைட் ஒன்றுகூட இல்லை.

2024 ஜூன் 24

பெயரை அழித்துவிட்டுத்தான் வைப்பார்களா என்று அம்மா கேட்கிறாராம். ஆம். பெயரும் பழைய எண்ணும் போய்விடும். பெட்டி எண் மட்டும் இருக்கும், பென்சிலால் எழுதுவார்கள்.